பெருநாளுக்குப் பிறகு வரும் பூஜ்யம்

நுண்ணுயிரியல் லேப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ரிசல்ட் வந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். கெட்ட ரிசல்ட் வந்தால் மேனேஜரிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லாரும் வந்து விசாரிப்பார்கள். நல்ல ரிசல்ட்டை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் தப்பு எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டுமென்றால் அங்கேதான் போய் ஒளியும். ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை. பசாரில் மீன்காரர், நான் கேட்காமலே, “இன்னைக்கு வந்த மீன்தான்கா” என்று சொன்னால் அந்த மீனை வாங்க மாட்டேன். புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பில் என்னைப் பொல்லாத பொம்பளை என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

நான் வேலை செய்தது மலாக்காவில், பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். டயாலிசிஸ் மையங்களுக்கு வேண்டிய கரைசலைத் தயாரித்து, வெள்ளைக் கேன்களில் நிரப்பி அனுப்புவோம். சிறுநீரகம் கைவிட்டவர்களின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குள் போகிற கரைசல் அது. அதில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகினால் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடுங்க ஆரம்பிப்பார், காய்ச்சல் வரும், உடம்பு தாங்காதவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் கரைசலுக்குக் குழாய் லைனில் வரும் தண்ணீரையும் நிரப்பிய கேனையும் சோதித்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி கிளம்பும். சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சத்தான உணவு கலந்த கூழ் பிளேட்டில் தண்ணீரை விட்டு, சூட்டுப் பெட்டியில் இரண்டு நாள் வைப்போம். உயிரோடு இருக்கும் பாக்டீரியா ஒவ்வொன்றும் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ணி எழுத வேண்டியதுதான்.

எனக்குக் கீழே இரண்டு பேர். ஒருத்தி நோரா, மலாய்க்காரப் பெண். இன்னொருத்தி லோகேஸ்வரி, புக்கிட் ரம்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் முகத்துக்கு நேராகப் பேசுவாள். முதலாளிகளுக்கு இரண்டுமே பிடிக்காது.

ஒரு வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு டயாலிசிஸ் மையத்திலிருந்து கேன் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். மூடியைத் திறந்து உள் விளிம்பில் கையுறை விரலை வைத்தேன். வழுக்கியது. அந்த வழுவழுப்பு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பாக்டீரியா கூட்டமாகக் குடியேறி, தமக்குத் தாமே போர்த்திக்கொள்ளும் பசை அது. நல்ல வேளை, நர்ஸ் கண்ணில் பட்டுவிட்டதால் யார் உடம்பிலும் போகவில்லை. ஆனால் அது பெருநாள் முடிந்த முதல் நாள் நிரப்பி, எங்கள் லேப்பில் ‘சுத்தம்’ என்று தேறிய கேன். கையெழுத்து என்னுடையது. சோதித்தவள் லோகேஸ்வரி.

ஃபேக்டரி மேனேஜர் குணசீலன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார்.

“மத்த நாள்ல எல்லாம் தண்ணியில ஒன்னு, ரெண்டு, நாலுன்னு ஏதாச்சும் வருது. பெருநாள் முடிஞ்சு வர்ற மொத நாள் மட்டும் பாருங்க. பூஜ்யம். போன வருஷமும் பூஜ்யம். அதுக்கு முந்தின வருஷமும் பூஜ்யம். எல்லாத்துலயும் இந்தப் பிள்ள பேருதான்.”

“லைன் ஓய்வா இருந்தா தண்ணி சுத்தமா இருக்கும்னு நீங்கதான சொல்லுவீங்க?”

“அது நான் வெளியாளுக்குச் சொல்றது. எனக்கு என்னா தோணுதுன்னா, லீவு முடிஞ்சு வந்த அலுப்புல இது டெஸ்ட்டே செய்யல. உக்காந்த எடத்துல பூஜ்யத்தைத் தட்டிவிட்டுப் போயிருக்கு.”

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. இதை மறைத்து என்ன பயன்? யாரையும் ‘அவள் அப்படிச் செய்ய மாட்டாள்’ என்று நான் சொன்னதே கிடையாது, என் பிள்ளைகள் உட்பட. லேப்பில் செய்யாத சோதனைக்கு எண் எழுதுவது எங்கள் தொழிலில் மன்னிக்கவே முடியாத குற்றம். அந்தப் பேரோடு வெளியே போனால் மலாக்கா முழுக்க எந்த லேப்பும் அவளை வாசலில்கூட நிற்க விடாது. அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

“நேராக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். தெரியாம ஒரு பாட்டில் குடுத்துப் பாருங்க” என்றார் குணசீலன்.

இது எங்கள் தொழிலில் வழக்கமான காரியம்தான். என்ன இருக்கிறது என்று நமக்கு மட்டும் தெரிந்த ஒரு சாம்பிளை, மற்ற சாம்பிள்களோடு கலந்து வைத்துவிடுவது. கழுவுமிடத்தில் யாரும் கவனிக்காத ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் பிடித்து நானே சோதித்தேன். பிளேட் முழுக்க எண்ண முடியாத அளவுக்குப் புள்ளிகள். அதைச் சுத்திகரித்த தண்ணீரில் நீர்க்கச் செய்து, ஓர் ஐம்பது புள்ளியாவது நிச்சயம் வரும்படி பார்த்து, வழக்கமான பாட்டிலில் ஊற்றி, பொய் நம்பர் ஒட்டினேன். அதற்குள் ஹஜ்ஜுப் பெருநாள் குறுக்கே வந்துவிட்டது. தொழிற்சாலை மூடியது. பாட்டிலைக் குளிர் அறையில் வைத்துவிட்டுப் போனேன். இவ்வளவு நாள் வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. குளிரில்தானே இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன்.

லீவு முடிந்து வந்ததும் லோகேஸ்வரி லைன் தண்ணீர் சாம்பிள்களோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துச் சோதித்தாள். இரண்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. லைன் தண்ணீர், பூஜ்யம். என் அழுக்குப் பாட்டில், பூஜ்யம்.

குணசீலன் சிரித்தேவிட்டார். “வேற என்னாக்கா வேணும்? கையும் களவுமா மாட்டிக்கிச்சு. இன்னைக்கே எச்.ஆர்.கிட்ட சொல்லிடறேன். நீங்க லைன் தண்ணிய வேற ஆள வெச்சு ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கஸ்டமர் ரெண்டு நாளா போன் போட்டு உயிரை வாங்குறான்.”

இந்த இடத்தில்தான் நீங்கள் என் பேச்சைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரு விஷயம் உங்கள் மனதுக்குள் ஏற்கெனவே போட்டு வைத்த இடத்தில் கச்சிதமாக வந்து உட்காருகிறதே, அப்போதுதான் மோசம் போவோம். எனக்கு அந்தப் பூஜ்யம் இடித்தது. பொய் எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பூஜ்யம் எழுத மாட்டார்கள். நேற்று மூன்று வந்ததா, இன்று இரண்டு என்று நம்பும்படி எழுதுவார்கள். கேன் திரும்பி வந்ததும், மேனேஜர் கண் தன்மேல் இருப்பதும் தெரிந்த பிறகு, முன்பின் பார்த்திராத ஒரு பாட்டிலுக்குத் துணிந்து பூஜ்யம் எழுத ஒன்று அவள் மகா முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது பிளேட்டில் உண்மையிலேயே ஒன்றும் இருந்திருக்கக் கூடாது. லோகேஸ்வரி முட்டாள் இல்லை.

“எச்.ஆர். கொஞ்சம் பொறுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு லேப்புக்குப் போனேன். பாட்டிலில் மீதி இருந்த தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, என் கையாலேயே பிளேட் போட்டேன். அந்தக் கூழ்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கெட்டுப்போன கூழில் எது வளரும்? அதனால் வேறொரு பிளேட்டில் லேப்பில் வளர்த்து வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவைத் தடவி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டு நாளில் நல்ல பாக்டீரியா கொழுகொழுவென்று வளர்ந்து நின்றது. அழுக்குத் தண்ணீர் பிளேட் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கையால் பிடித்த அழுக்கு. என் கண்ணால் பார்த்த அழுக்கு. எங்கே போனது?

பொறியை நான் லோகேஸ்வரிக்கு வைத்தேன், மாட்டியது வேறு எதுவோ. என்ன அது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நோரா லீவு முடிந்து சொந்தக் கம்பத்துக் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ராயாப் பெருநாள் பலகாரம் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். லோகேஸ்வரி மேசையில்தான் முதலில் வைத்தாள்.

“அவளுக்குத்தான் முதலில் தர வேண்டும் அக்கா. என் ஷிஃப்டையும் அவள்தானே பார்க்கிறாள்” என்றாள் மலாயில்.

அதைக் கேட்டதும் எனக்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. இந்த ஏற்பாடு எங்கள் லேப்பில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தீபாவளிக்கு நோரா எங்களுக்காக வேலை பார்ப்பாள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்து தொழிற்சாலை திறந்ததும், நோரா ஊரிலிருந்து திரும்பும்வரை லோகேஸ்வரி அவளுக்காக வருவாள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் ஆள் மாற்றிக்கொண்டு லைனை ஓட்டிவிடுவோம். முஸ்லிம்களின் பெருநாள்களில் மட்டும் லைனில் நிற்க ஆள் போதாது, மூடிவிடுவோம். அதாவது லைன் நிற்பது பெருநாளுக்கு மட்டும். பெருநாள் முடிந்து முதல் பிளேட் போடுவது எப்போதும் லோகேஸ்வரி. குணசீலன் திரையில் காட்டிய பூஜ்யங்களில் அவள் பேர் இருந்ததற்கு அவள் சோம்பேறித்தனம் காரணமில்லை. தோழிக்கு லீவு விட்டுக்கொடுத்த குணம்தான் காரணம்.

ஆக, அத்தனை பூஜ்யத்துக்கும் பொதுவாக இருந்தது மூடிக்கிடந்த நாள்கள். மூடுவதற்கு முன் குழாய்களில் சுத்திகரித்த தண்ணீரை நிரப்பி அப்படியே விட்டுவிட்டுப் போவோம், சுத்தமாக இருக்கட்டும் என்று. என் பாட்டிலும் அதே மாதிரிதான், சுத்தத் தண்ணீரில், போதாததற்குக் குளிரிலும் கிடந்தது. சாப்பிட ஒன்றும் இல்லாத தண்ணீரில் இருந்த பாக்டீரியா செத்துத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் செத்துப்போனது எப்படிக் கேனில் போய்ப் பசை கட்டும்?

என்னோடு ஒன்றாகப் படித்தவள் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இதே துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். யாழ்ப்பாணக் குடும்பம். பல தலைமுறையாக மலாயாவில் இருந்தும் வீட்டுப் பேச்சை விடாதவர்கள். அவளுக்குப் போன் போட்டேன்.

“செத்துப்போச்சு எண்டு ஆர் உனக்குச் சொன்னது?” என்றாள்.

“பிளேட்ல ஒன்னுமே வரலடி.”

“வராட்டி செத்ததெண்டு அர்த்தமே? அது நித்திரை கொள்ளுது.”

பிறகு விளக்கினாள். பாக்டீரியாவுக்குள் ரைபோசோம் என்று ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன இயந்திரங்கள் இருக்கின்றன. புரதம் செய்வது அவைதான், செல்லின் சக்தியில் பெரும்பங்கைத் தின்பதும் அவைதான். பட்டினியோ கடுங்குளிரோ வந்தால் செல் ஒரு குட்டிப் புரதத்தைத் தயாரிக்கும். அது ரைபோசோமுக்குள் புகுந்து, வேலை நடக்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இயந்திரம் நின்றுவிடும், ஆனால் உடைந்து போகாது. நாம் நீண்ட பயணம் கிளம்பும்போது கேஸைத் திருகி மூடி, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டுப் போகிறோமே, அந்த மாதிரி. அந்தப் புரதத்தைச் செய்யத் தெரியாத பாக்டீரியாவின் ரைபோசோம்கள் பட்டினியில் சிதைந்து போகும், அது திரும்ப எழுந்திருக்காது. செய்யத் தெரிந்தது காத்துக்கொண்டிருக்கும்.

“எழும்ப நேரம் எடுக்கும். நீ ரெண்டு நாளிலை பிளேட்டைத் தூக்கி எறிஞ்சுபோடுவாய். அதோடை பட்டினி கிடந்ததுக்கு முன்னாலை கொழுத்த சாப்பாட்டை வைக்கிறாய். அதுவே சிலதைச் சாகடிச்சுப்போடும். கொஞ்சமாச் சாப்பாடு குடுத்து, சூட்டைக் குறைச்சு, பேசாமல் விட்டுப்போட்டுப் பார்.”

நான் அவளையும் நம்பவில்லை. ஒரு புரதத்தைப் பத்து வருஷம் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு உலகத்தில் எது நடந்தாலும் அந்தப் புரதம்தான் காரணமாகத் தெரியும். இன்றைக்கும் அந்த ஒன்றால்தான் எல்லாம் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அவள் சொன்னதைச் சோதித்துப் பார்க்கலாம். சோதித்துப் பார்க்க முடிகிற பேச்சு எனக்குப் பிடிக்கும்.

குணசீலனிடம் போய், கேன்கள் கிளம்பக் கூடாது, எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“நீங்களே பிளேட் போட்டீங்க, பூஜ்யம். அந்தப் பிள்ள போட்டுச்சு, பூஜ்யம். சுத்தமா இருக்குன்னு ரெண்டு ரிசல்ட்டு கையில வெச்சிக்கிட்டு லாரிய நிறுத்தச் சொல்றீங்க. மேலிடத்துல கேட்டா நான் என்னான்னு சொல்லட்டும்?”

“அழுக்குத் தண்ணிய என் கையால ஊத்தினேன் சார். அது சுத்தம்னு வருது. அப்ப லைன் தண்ணி சுத்தம்னு வர்றத எப்படி நம்புறது?”

“இது சந்தேகம்தானக்கா. ஆதாரம் எங்க?”

“ஆதாரம் இல்லாமத்தான் அந்தப் பிள்ளைய அனுப்பப் பாத்தீங்க.”

கையெழுத்துப் போட வேண்டிய தாளை அவர் பக்கம் தள்ளினேன். “வேணும்னா நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்புங்க சார். நான் போட மாட்டேன்.”

மேனேஜர்கள் எதற்கும் பயப்பட மாட்டார்கள், தங்கள் பேரைத் தாங்களே எழுதுவதற்கு மட்டும் பயப்படுவார்கள். கேன்கள் கோடவுனிலேயே இருந்தன. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே யோசனைதான். பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்துவிட்டால் கரைசலுக்குக் காத்திருக்கும் மையங்களுக்குச் சரக்கை நிறுத்தி வைத்த பைத்தியக்காரி நான்தான். லோகேஸ்வரியையும் அப்புறம் யாராலும் காப்பாற்ற முடியாது.

சத்துக் குறைந்த கூழில் பிளேட்டுகள் தயாரித்தோம். லைன் தண்ணீரிலிருந்தும் என் பாட்டிலிலிருந்தும் மூன்று பேரும் தனித்தனியாகப் போட்டோம். யார் போட்டது என்று தெரியாதபடி வெறும் நம்பர் மட்டும் எழுதி எல்லாவற்றையும் கலந்து, சூட்டுப் பெட்டிக்கு வெளியே, சாதாரண அறைச் சூட்டில் ஒரு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில். ஆம், அப்போதும் நான் யாரையும் நம்பவில்லை. லோகேஸ்வரி நான் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாளில் ஒன்றுமில்லை. நான்காம் நாளும் ஒன்றுமில்லை. வாரக் கடைசியில் பூட்டைத் திறந்து, ஒரு பிளேட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். ஊசி முனையால் குத்தியது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். நம்பர்களைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன், என் பாட்டிலில் வந்திருந்தது. லைன் தண்ணீரிலும் வந்திருந்தது. மூன்று பேர் பிளேட்டிலும் வந்திருந்தது. எண்ண எண்ண எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுக்கைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிறுத்தி வைத்த கேன்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. லைனைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். கூழ் மாறியது, காத்திருக்கும் நாள்கள் கூடின. பெருநாள் கழிந்து வரும் முதல் தண்ணீரை இனி யாரும் நம்பக் கூடாது என்று எழுதி வைத்தேன். குணசீலன் எச்.ஆர். பேச்சை அதோடு விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு மறந்தே போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நான் மறைக்கவில்லை. லோகேஸ்வரியை உட்கார வைத்து, அவளைச் சந்தேகப்பட்டது, பொய் நம்பர் ஒட்டியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

“நீங்களும் போட்டுப் பாத்து ஒன்னும் வரலன்னதும்தான நான் பொய் சொல்லலன்னு நம்புனீங்க?”

“ஆமா.”

“உங்க பிளேட்ல மட்டும் தப்பித் தவறி ரெண்டு முழிச்சிக்கிட்டு வந்திருந்தா என்னாக்கா செஞ்சிருப்பீங்க?”

பாக்டீரியா எல்லாம் ஒரே நேரத்தில் விழிப்பதில்லை. ஒன்றிரண்டு முந்திக்கொள்ளும், அது அதன் இஷ்டம். அன்று என் பிளேட்டில் இரண்டே இரண்டு முந்திக்கொண்டிருந்தால், அந்தப் பிள்ளை வேலையை விட்டு அனுப்பப்படுவதற்கு நானே சாட்சி சொல்லியிருப்பேன். சரியான முறையில், சுத்த மனசோடு சொல்லியிருப்பேன். சந்தேகப்படுங்கள் என்று உங்களுக்கு இவ்வளவு நேரம் சொன்ன நான், என் பிளேட்டை மட்டும் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பாட்டிலை வைத்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். இனியும் வைப்பேன். ஆனால் ஒரு பாட்டிலை வைத்து ஒரு ஆளின் பிழைப்பை முடிவு செய்ய மாட்டேன்.

“அடுத்த ராயாவுக்கு எனக்கு லீவு வேணும்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

கொடுத்தேன். ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு பெருநாள் முடிந்த பிறகும் முதல் பிளேட்டை நானே போட்டு என் பேரையே எழுதினேன். லோகேஸ்வரி அதற்காக ஒரு நாளும் எனக்கு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பேன்.